காத்தாடி ஊரில் கரண்டைப் பற்றிக் கேட்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

காற்றாலைகளைக் காத்தாடி என்றுதான் குமரி மாவட்டத்தில் சொல்வோம். அவை நிறைந்த ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாயாக்கடையில் நிற்கும் யாரிடமாவது "இந்தக் காத்தாடியில் வருகிற கரண்டு எங்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது ஒருவர் சென்னைக்கு என்றார், இன்னொருவர் கம்பெனிக்காரன் கொண்டுபோகிறான் என்றார், கடைக்கார அண்ணாச்சி சாயாவை ஆற்றிக்கொண்டே "நமக்கில்ல மக்கா, அது மட்டும் தெரியும்" என்றார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றுமே முழுசாகச் சரியில்லை. காத்தாடியில் பிறக்கும் மின்சாரம் பக்கத்துத் துணைமின் நிலையம் வழியாகப் பொதுக் கட்டமைப்பில் சேர்ந்துவிடும். ஓடைத் தண்ணீர் ஆற்றில் கலந்த மாதிரிதான், அதற்கப்புறம் இது யார் தண்ணீர் என்று பிரிக்க முடியாது. கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான் பிரியும்.

அந்தச் சாயாக்கடைப் பேச்சுதான் பிறகு எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு கேள்வித்தாள் வேலையாக வளர்ந்தது. மின்சாரம், விறகு, கேஸ், பெட்ரோல் இதெல்லாம் எங்கிருந்து வருகிறது, எரித்தால் என்ன ஆகிறது என்பதில் சனங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கலாம் என இறங்கினோம். தப்புகள் நிறையச் செய்தோம். அதே தப்பை நீங்களும் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். பள்ளி மாணவர் மன்றமோ, இளைஞர் சங்கமோ, மகளிர் குழுவோ, யார் வேண்டுமானாலும் செய்யலாம். பத்துப் பேர், சில நூறு தாள்கள், இரண்டு மூன்று வாரம், அவ்வளவு போதும்.

இந்த வேலைக்குக் குமரி மாவட்டத்தைப் போலத் தோதான இடம் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். 1980-களில் முப்பந்தலில் முதல் காத்தாடிகள் வந்தன, இன்றைக்கு அந்த ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுக்கு நிற்கின்றன. மேலே மலையில் கோதையாறு நீர்மின் நிலையங்கள் இரண்டு, 60-ம் 40-மாக 100 மெகாவாட். கிழக்கே எல்லையைத் தாண்டினால் கூடங்குளம், 1,000 மெகாவாட் உலை இரண்டு ஓடுகின்றன. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், அணு எரிபொருளாக மாற்றக்கூடிய தோரியம். மேற்கே எல்லையைத் தாண்டினால் விழிஞ்ஞம், அங்கே 1991-ல் கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க 150 கிலோவாட்டில் ஒரு சோதனை நிலையமே கட்டினார்கள். இவ்வளவும் கண்ணெதிரே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். ஆனாலும் ஒரு யூனிட் என்றால் என்ன என்று கேட்டால் பட்டதாரிகளே தலையைச் சொறிகிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த வேலை தொடங்கும் முன் எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

முதலில் ஒன்றை முடிவு பண்ணுங்கள்

நீங்கள் பார்க்கப்போவது அறிவையா, அபிப்பிராயத்தையா? எங்கள் முதல் தாளில் இரண்டும் கலந்து கிடந்தது. "காற்றாலை நல்லதா?" என்று ஒரு கேள்வி. அதற்கு விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் முழித்தோம். நல்லதா என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதில் சரி தவறு கிடையாது. "ஆரல்வாய்மொழிக் காத்தாடிகள் எந்த மாதங்களில் அதிகம் ஓடும்?" என்பதற்கு விடை உண்டு: தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை. இந்த இரண்டாவது வகைதான் உங்கள் தாளில் இருக்க வேண்டும். அபிப்பிராயமும் வேண்டும் என்றால் கடைசியில் தனியாக இரண்டு கேள்வி வையுங்கள், மார்க் போடாதீர்கள்.

கூடங்குளம் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். 2011, 2012 போராட்டம் இடிந்தகரையில் நடந்தாலும் நம் கடற்கரை ஊர்களிலும் அது வீட்டுப் பேச்சாக இருந்தது. உலையை எதிர்ப்பவருக்கு அணுவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றோ, ஆதரிப்பவருக்கு எல்லாம் தெரியும் என்றோ மனசில் வைத்துக்கொண்டு தாள் அடித்தால், அந்தச் சாய்வு ஒவ்வொரு கேள்வியிலும் எட்டிப் பார்க்கும். எதிர்ப்பவர்களில் சிலர் எங்களுக்கே பாடம் எடுத்தார்கள், அது வேறு கதை.

கேள்வி எழுதுவது (நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும்)

சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள். "ஆற்றல் மூலங்கள்" என்று தாளில் அடித்துக்கொண்டு போனோம். ஒரு பாட்டா, "ஆற்றலா, அது இப்போ எனக்கெங்க இருக்கு மக்களே, படி ஏறுனாலே மூச்சு முட்டுது" என்றார். சிரித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் மாற்றினோம். மின்சாரம் என்பதைவிட கரண்டு, எரிவாயு என்பதைவிட கேஸ், காற்றாலை என்பதைவிடக் காத்தாடி. "புதுப்பிக்கத்தக்க" என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தோடு விட்டுவிட்டு "தீர்ந்து போகாத" என்று கேளுங்கள். விளவங்கோடு பக்கம் எல்லையோர ஊர்களில் மலையாளம் பேசும் வீடுகளும் உண்டு, அங்கே போகும்போது இரண்டும் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு கேள்வியில் ஒரே ஒரு விஷயம். "அணுமின்சாரம் மலிவானது, பாதுகாப்பானது: சரியா தவறா?" என்று கேட்டால் மலிவு என்று நினைத்து, பாதுகாப்பு இல்லை என்று நினைப்பவர் எதை டிக் அடிப்பார்? அப்புறம் இந்தச் "சரியா தவறா" வகையையே குறைத்துவிடுங்கள் என்பேன். ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் அடித்தாலும் பத்துக்கு ஐந்து வாங்கிவிடலாம். அதோடு நம் ஊரில் வீட்டுக்கு வந்து கேட்பவர் மனசு நோகக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் "சரிதான், சரிதான்" என்று சொல்லும் மரியாதை ஒன்று இருக்கிறது. நான்கு விடை கொடுத்தால் குருட்டடி சராசரியாக இரண்டரையில் நிற்கும்.

ஐந்தாவதாக "தெரியாது" என்று ஒரு கட்டம் கண்டிப்பாக வேண்டும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் புதிதாக வருபவர்கள் எடுத்துவிடுகிறார்கள், எல்லோரும் அதையே அடித்துவிடுவார்கள் என்று பயம். அடிக்கட்டுமே. தெரியாது என்பவரும் தப்பாகத் தெரிந்துவைத்திருப்பவரும் ஒரே ஆள் இல்லை. முதலாமவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், இரண்டாமவருக்கு முதலில் மனசில் இருப்பதைக் கழற்ற வேண்டும். இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாத தாள் எனக்கென்னவோ வெறும் பரீட்சைத் தாள்தான்.

தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது? நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். சாயாக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் பஸ்ஸிலும் காதைக் கொடுத்தால் தானாகக் கிடைக்கும். எங்களுக்கு அப்படிக் கிடைத்தவை: காத்தாடி மழையை விரட்டுகிறது. அணையில் கரண்டு எடுத்த தண்ணீரில் சத்து இருக்காது, பயிருக்கு ஆகாது. சோலார் தகட்டுக்கு வெயில் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு நல்லது. கடற்கரை மணலில் கதிர்வீச்சு இருப்பது கூடங்குளம் வந்த பிறகுதான். இவை எல்லாமே தவறு. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால்தான் நல்ல தவறான விடைகளாக அமைகின்றன. காத்தாடி நிற்கும் தோவாளை வட்டாரத்தில் மேற்குப் பக்கத்தைவிட மழை குறைவுதான். மழை ஏற்கெனவே குறைவான அந்தக் கணவாயில் காற்று பலம் என்று பார்த்துத்தான் நட்டார்கள், நட்டதால் மழை குறையவில்லை. முன்பின் மாறிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

மாதிரிக்குச் சில கேள்விகளும், ஏன் அவற்றைத் தேர்ந்தெடுத்தோம் என்பதும்.

*ஒரு யூனிட் கரண்டில் 75 வாட் ஃபேன் ஏறத்தாழ எவ்வளவு நேரம் ஓடும்? 1 மணி, 4 மணி, 13 மணி, 40 மணி, தெரியாது.* விடை 13 மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் இழுப்பது. அதே யூனிட்டில் இப்போது வரும் 30 வாட் ஃபேன் 33 மணி நேரம் ஓடும், 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒரே மணி நேரத்தில் முடித்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறார்கள், 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமும் உண்டு. அதனால் யூனிட் என்ற சொல் தெரியாத வீடே இல்லை, அதன் அளவு தெரிந்த வீடுதான் அபூர்வம். முதல் கேள்வியாக இதையே வையுங்கள், பயம் விட்டுப்போகும்.

*இந்தியாவில் கரண்டு அதிகம் எடுப்பது எதிலிருந்து?* விடை நிலக்கரி, மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு. நம் மாவட்டத்தில் இது சிக்கலான கேள்வி. கண்ணுக்குத் தெரிவது காத்தாடி, காதில் விழுவது கூடங்குளம். நிலக்கரியை நாம் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் என்றால் தூத்துக்குடி அனல்மின் நிலையம்தான், 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்டது. அதனால் ஊரில் பார்ப்பதை நாட்டுக்கே பொருத்திவிடுகிறார்கள்.

இதிலேயே இன்னொரு குழி இருக்கிறது, அதில் நாங்களே விழுந்தோம். நிறுவிய திறன் (அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது) வேறு, உண்மையில் எடுத்த மின்சாரம் வேறு. 2025 ஜூலையில், நாட்டின் மின்திறனில் பாதி நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றிலிருந்து என்று மத்திய அரசு அறிவித்தது. உண்மைதான். ஆனால் அது திறன் கணக்கு. எங்களில் ஒருவர் அதைப் படித்துவிட்டு விடைக்குறிப்பில் "நிலக்கரி பாதிதான்" என்று எழுதிவிட்டார். உள்ளூர்க் கணக்கில் பார்த்தால் புரியும். முப்பந்தல் பக்கம் 1,500 மெகாவாட், கூடங்குளம் 2,000 மெகாவாட், பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். காத்தாடி வருஷம் முழுக்கச் சராசரியாகத் தன் திறனில் கால்வாசி அளவுக்குத்தான் தரும் என்று வைத்தால் 375 மெகாவாட். உலை நன்றாக ஓடும் வருஷத்தில் 80 சதவீதம் தந்தால் 1,600. நாலு மடங்குக்கும் மேல். இதை யாராவது உலைக்கு விளம்பரம் என்று எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை, கழிவு பற்றிய கேள்வி கீழே வருகிறது. கேள்வியில் "திறன்" என்றா "உற்பத்தி" என்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

*வீட்டு மாடியில் சோலார் போட்டு மின்வாரிய இணைப்போடு சேர்த்திருக்கிறார்கள், பேட்டரி இல்லை. பகலில் கரண்டு போனால் என்ன ஆகும்?* பெரும்பாலும் "சோலார் வீட்டுக்கு ஓடும்" என்ற பதிலைத்தான் கேட்பீர்கள். ஓடாது. கட்டமைப்பில் மின்சாரம் இல்லாவிட்டால் அந்த இன்வெர்ட்டர் (சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிருக்கு ஆபத்து. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் நம்முடையவை, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றியது யாருக்கும் மறந்திருக்காது. அடுத்த புயலுக்குச் சோலார் கைகொடுக்கும் என்று நம்பிப் பணம் போட்டவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கேள்வித்தாளால் கையில் காசு மிச்சமாகும் என்றால் அது இந்தக் கேள்வியால்தான். கூடவே வெயில் விஷயம்: தகடு வேலை செய்வது வெளிச்சத்தில், சூட்டில் இல்லை. சூடு ஏற ஏற உற்பத்தி கொஞ்சம் குறையவே செய்யும்.

*பேச்சிப்பாறை அணையை எதற்காகக் கட்டினார்கள்?* பாசனத்துக்கு. திருவிதாங்கூர் காலத்தில், 1906-ல் கட்டி முடித்தது. கோதையாறு மின்நிலையங்கள் வந்தது 1970-ஐ ஒட்டி. மேலே சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கும் தண்ணீர்தான் பேச்சிப்பாறைக்கு வருகிறது. நீர்மின்சாரம் எடுப்பது தண்ணீரின் விழும் வேகத்தை, அதற்குள் இருக்கும் எதையும் அல்ல. கரண்டு எடுத்த இந்தத் தண்ணீரில்தான் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வயல் விளைந்துகொண்டிருக்கிறது, சத்துக் கேள்விக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

*மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் முதன்முதலில் எதற்காக வெளிநாட்டுக்குப் போனது?* இது எனக்குப் பிடித்த கேள்வி. மோனசைட் என்பது தோரியம் அடங்கிய ஒரு கனிமம். 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அணுகுண்டும் இல்லை, உலையும் இல்லை. கேஸ் விளக்கின் மாண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது, பெட்ரோமாக்ஸில் வெள்ளை வெளேர் என்று எரியுமே, அந்த வலைதான். அதாவது ஐரோப்பாவில் தெருவிளக்கு எரிய நம் கடற்கரை மணல் போயிருக்கிறது. இந்த ஒரு வருஷத்தைத் தெரிந்துகொண்டாலே, மணலின் கதிர்வீச்சு கூடங்குளத்தால் வந்தது என்ற நம்பிக்கை தானாகக் கழன்றுவிடும், அந்த உலை மின்கட்டமைப்பில் இணைந்தது 2013-ல்தானே. மணலில் இருப்பது இயற்கையாக அதில் உள்ள தோரியத்தால். தோரியத்தை அப்படியே உலையில் போட்டு எரிக்கவும் முடியாது, முதலில் அதை யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். "நம்ம மணலை வைத்தே நாட்டுக்குக் கரண்டு எடுக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்த நடுப்படியை விழுங்கிவிடும்.

விளைவுகளைப் பற்றிய கேள்விகளில் ஒரு ஒழுங்கு வையுங்கள்: எதைப் பற்றிக் கேட்டாலும் அதன் நல்லதில் ஒன்று, கெட்டதில் ஒன்று. அணு உலை ஓடும்போது கரியமிலவாயு விடுவதில்லை என்று ஒரு கேள்வி, எரித்து முடித்த எரிபொருள் எவ்வளவு காலம் ஆபத்தாக இருக்கும் என்று ஒரு கேள்வி (விடை: ஆயிரக்கணக்கான வருஷம்). காத்தாடிக்கும் அப்படித்தான். "காத்தாடியால் கரியமிலவாயுவே கிடையாது" என்பது சரியில்லை, இரும்பும் சிமெண்டும் செய்யும்போது வருகிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கையில் செய்வது முதல் கழிப்பது வரை சேர்த்த கணக்கு இருக்கிறது, ஒரு யூனிட்டுக்கு நடுத்தர மதிப்பாக நிலக்கரி 820 கிராம், நீர் 24, அணு 12, காற்று 11. தாளில் இந்த எண்களைக் கேட்காதீர்கள், வரிசையை மட்டும் கேளுங்கள். எண்ணைக் கேட்டால் படித்துவிட்டு வந்த பையன் ஜெயிப்பான், வேறொன்றும் நடக்காது.

கரண்டோடு நின்றுவிடவும் கூடாது. கொதும்பும் சிரட்டையும் ரப்பர் விறகும் எரியாத அடுப்படி இன்னும் எத்தனை இருக்கிறது? விறகுப் புகையைப் பற்றிக் கேட்டால் "அது இயற்கைதானே" என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 2020-ல் மட்டும் வீட்டுக்குள் அடுப்பு, விளக்குப் புகையால் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். கடற்கரை ஊர் என்றால் வள்ளத்தில் மாட்டும் மோட்டாருக்கு ஊற்றும் மண்ணெண்ணெயைப் பற்றிக் கேளுங்கள், ஒருமுறை கடலுக்குப் போய்வர எத்தனை லிட்டர் என்பதை அவர்கள்தான் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கேட்கப் போனவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய இடம் அது.

பதினைந்து கேள்விக்கு மேல் வேண்டாம். எங்கள் முதல் தாளில் முப்பது இருந்தது. இருபதாவது கேள்வியில் ஒரு அக்கா அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனவர் திரும்ப வரவே இல்லை.

தெருவில் இறங்கும் முன்

தாளை ஐந்தாறு பேரிடம் கொடுத்து, விடையைச் சொல்லச் சொல்லாமல், கேள்வியை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அம்மா, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை, இப்படிக் கலந்து. "சுற்றுச்சூழல் பாதிப்பு" என்று எழுதியிருந்ததை என் சித்தி "சுற்றுச்சுவர்" என்று வாசித்துவிட்டு, பக்கத்து மனையில் மண் எடுத்ததில் சுவர் விழுந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். காற்று கெடுமா, தண்ணீர் கெடுமா, மண் கெடுமா என்று உடைத்துக் கேட்டபோது சரியாக வந்தது. விடைக்குறிப்பை எழுதியவரைத் தவிர இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், மாறக்கூடிய எண் எதுவானாலும் பக்கத்தில் எந்த வருஷக் கணக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்போது

பலர் செய்வது, ஒரு கூகுள் ஃபார்மைத் தட்டி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவது. இரண்டு நாளில் ஐநூறு பதில் வரும், சந்தோஷமாக இருக்கும். அந்த ஐநூறும் உங்கள் நண்பர்கள், அவர்களின் நண்பர்கள், ஆசிரியர் சொன்னதால் நிரப்பிய பிள்ளைகள். கூகுளில் பார்த்து எழுதினார்களா என்பதும் தெரியாது. ஊருக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

நடந்துதான் ஆக வேண்டும். இரண்டு மூன்று வார்டு எடுத்துக்கொள்ளுங்கள், மலையோரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடற்கரையில் ஒன்று என்று இருந்தால் நல்லது, குலசேகரம் பக்கத்து ஆளுக்கும் முட்டத்து ஆளுக்கும் தெரிந்த விஷயங்கள் வேறு வேறு. வீட்டு எண்ணிக்கையை நீங்கள் போக வேண்டிய எண்ணால் வகுத்து, ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று ஒரே கணக்கில் போங்கள். தெரிந்த வீடு, நாய் இல்லாத வீடு என்று பொறுக்கக்கூடாது (நாய் விஷயத்தில் நானே இந்த விதியை மீறியிருக்கிறேன்). வீட்டுக்குள்ளும் யார் பதில் சொல்வது என்று முன்பே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லா வீட்டிலும் ஆம்பிளைகளே முன்னால் வந்து நிற்பார்கள். அடுத்து பிறந்தநாள் வரப்போகும் பெரியவர் யாரோ அவர் என்பது எளிய வழி. இப்படி முறையாகப் பொறுக்கிய 100 பேர் என்றால் உங்கள் சதவீதம் பத்து முன்பின் இருக்கலாம், 400 பேர் என்றால் ஐந்து முன்பின். முதல்முறைக்கு நூறு போதும், ஆனால் 52-க்கும் 57-க்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். ரப்பர் வெட்டுக்காரர் வீட்டுக்கு விடிகாலை போய்ப் பிரயோசனம் இல்லை, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வரும் மத்தியானம்தான் சரி. கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு. விசைப்படகுக்காரர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் தடைக்காலம் வசதி, நம் மாவட்டத்தில் அதிலும் இரண்டு கணக்கு: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31.

வாசலில் நின்று

யார் நீங்கள், எதற்கு, எவ்வளவு நேரம், இந்த மூன்றையும் முதல் மூச்சில் சொல்லிவிடுங்கள். கரண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் மின்வாரியத்திலிருந்து வந்திருப்பதாக நினைத்து, கம்பம் சாய்ந்து கிடப்பது முதல் வோல்டேஜ் வரை கொட்டுவார்கள். இல்லை என்றால் கட்சிக்காரர் என்பார்கள், அதுவும் இல்லை என்றால் சோலார் விற்க வந்தவர். பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், மின் இணைப்பு எண், ஆதார் எதுவும் கேட்கவே கூடாது. வயது, படிப்பு, தொழில் போதும். வேண்டாம் என்றால் "சரி அண்ணே, பரவாயில்லை" என்று நகர்ந்துவிடுங்கள், ஆனால் மறுத்த வீட்டையும் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் அதுவும் வரும்.

எழுதத் தயங்குபவருக்கு நீங்கள் வாசித்துச் சொல்லலாம், ஆனால் வாசிக்கும்போது சரியான விடையில் குரல் ஏறும், பாருங்கள், எல்லோருக்கும் ஏறும். முன்னாலேயே ஒருவரையொருவர் வைத்துப் பழகுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் விடையைச் சொல்லிக் கொடுக்கும், அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம், அவர்களுக்கு என்று தனியாக ஒரு தாளைக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்துவிடுவது.

ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் "உறுதி" அல்லது "குத்துமதிப்பு" என்று ஒரு டிக். இரண்டு விநாடி வேலைதான், எண்ணும்போது இதன் அருமை தெரியும். கூடங்குளம் கேள்விகளைக் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். முன்னால் வைத்தால் மிச்சத் தாள் முழுக்க அந்தச் சூட்டிலேயே பதில் வரும்.

எண்ணும்போது

மொத்த மார்க்கைக் கூட்டி "சராசரி 15-க்கு 6" என்று ஒரு எண்ணைச் சொன்னால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு குவியல் போடுங்கள்: உறுதியாகச் சரி, குத்துமதிப்பாகச் சரி, தெரியாது, உறுதியாகத் தவறு. குத்துமதிப்பாகத் தவறானதைத் தெரியாதோடு சேர்த்துவிடலாம். நாலாவது குவியல் எந்தக் கேள்வியில் பெரிதாக இருக்கிறதோ அதுதான் நீங்கள் இத்தனை வீடு ஏறி இறங்கித் தேடியது. எங்களுக்கு அது சோலார் கேள்வியில் வந்தது. அணு பற்றிய கேள்விகளில்தான் உறுதியான தவறு குவியும் என்று எதிர்பார்த்தோம், அங்கே "தெரியாது" என்று நேர்மையாகச் சொன்னவர்கள்தான் அதிகம். எங்கள் வாசகசாலையில் இதை வைத்து இரண்டு நாள் சண்டை நடந்தது.

ஒரு கேள்வியில் எல்லோரும் தவறு என்றால் முதலில் சனத்தைச் சந்தேகப்படாதீர்கள், கேள்வியைச் சந்தேகப்படுங்கள்.

விடையைக் கொண்டுபோய்க் கொடுப்பது

கேட்டுவிட்டு விடை சொல்லாமல் போனால் அடுத்த முறை கதவு திறக்காது. தாளை வாங்கிய கையோடு ஒரு பக்க விடைக்குறிப்பைக் கொடுத்துவிடுங்கள், எது சரி என்பதோடு ஏன் என்று ஒரு வரி. அதற்கு முன்னால் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், எங்கள் ஊரில் நாங்கள் போவதற்கு முன்பே விடை போய்ச் சேர்ந்திருந்த தெரு ஒன்று உண்டு. ஒரு தெருவை ஒரே மாலையில் முடித்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். மொத்த முடிவைக் கிராமசபையில் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிச் சொல்லலாம், வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள், பள்ளியில் சொல்ல அது நல்ல சாக்கு. வார்டு பெயரையோ தெருப் பெயரையோ போட்டு "இந்தத் தெருவுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்கப்புறம் அந்தத் தெருவில் சாயா குடிக்க முடியாது.

ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளில் ஐந்தாறை மறுபடி கேட்டுப் பார்க்கலாம், வேறு வீடுகளில். எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று அப்போது தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: தாள், எண்ணிக்கையைவிட இருபது கூடுதலாக. பேனா ஐந்து, நான்கு திரும்பி வராது. குடிக்கத் தண்ணீர். எழுதுகிற அட்டை, கெட்டியான கிளிப்போடு. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறீர்கள் என்றால் அட்டையின் கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுதிய தாள்கள் ஏழு, காத்தாடிப் பக்கமாகவே பறந்து போனதை நாங்கள் நின்று பார்த்திருக்கிறோம்.